முன்பனிக் காலமும் முற்றத்து விருந்தினரும்

ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்டவர் தமிழர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அவ்வாறனுள் கூதிரும் இரு பனிகளும் குளிரோடு உறவுடையன. அஃதாவது, ஆண்டில் சரிபாதி. ஆயினும், ‘குளிர்காலம்’ என்று சொன்ன அளவில் இன்றைய இளைஞர் உள்ளத்தில் தோன்றுவது இமயத்தின் உறைபனியோ, திரையில் கண்ட ஐரோப்பிய நகரமோதான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் உரிய குளிர்காலம் ஒன்று உண்டு என்பதை நாம் மறந்து வருகிறோம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை. மார்கழியிலும் தையிலும் சம்பா வயலின்மேல் புகைபோல் படியும் பனி. மாசியிலும் பங்குனியிலும் விடியலில் மட்டும் எஞ்சி நிற்கும் சிறு குளிர். இதுவே நம் குளிர்காலம்.

இக்காலத்தில் நம் ஊர்களுக்கு விருந்தினர் பலர் வருகின்றனர். இமய அடிவாரத்திலிருந்தும், நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்தும், வடதுருவத்தை அடுத்த சைபீரியக் கரையிலிருந்தும் அவர்கள் வருகின்றனர். நம் மொட்டை மாடியிலும், கொல்லைப்புற வேலியிலும், மின்கம்பியிலும் அமர்கின்றனர். இவர்களோடு, ஆண்டு முழுதும் நம் அண்டையில் வாழ்ந்தும் குளிர்காலத்தில் மட்டும் கண்ணிற்படும் சில உயிர்களும் உள. அவற்றுள் அழகியனவும் உண்டு, அஞ்சத்தக்கனவும் உண்டு.

வீட்டிலிருந்தபடியே இவ்வுயிர்களை உற்று நோக்குவதும், கண்டதை நாளிட்டுக் குறித்து வைப்பதும் வெறும் பொழுதுபோக்கு அல்ல; இம்மண்ணில் குடியிருப்போர் ஒவ்வொருவரின் கடமை என்பதே நமது கருத்து. அக்கருத்தை நிறுவுவதற்கே இக்கட்டுரை.

இலக்கியம் காட்டும் வழி

காட்டுயிரைக் காண வேண்டுமாயின் காட்டுக்குச் செல்ல வேண்டும், அதற்குப் பொருளும் ஓய்வும் வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. நம் முன்னோர் அவ்வாறு எண்ணினாரல்லர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் குளிர்காலத்தைப் பாட எடுத்துக்கொண்டபோது, மலையையும் கானத்தையும் மட்டும் பாடி அமையவில்லை. வீட்டில் வாழும் புறாவையும் பாடினார். மன்றத்துக்குச் சென்று இரை தேடவும் இயலாமல், இரவோ பகலோ என்று தெளியவும் இயலாமல், வீட்டின் இறப்பில் செயலற்று இருக்கும் சிவந்த கால்களையுடைய ஆண்புறாவை அவர் காட்டுகிறார். அடைமழை நாளில் தம் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்த ஒருவரால் அன்றி இதை எழுதியிருக்க முடியுமா?

சத்திமுத்தப் புலவரின் நாரைவிடு தூதை அறியாத தமிழ் மாணவர் இலர். வறுமையால் ஊர் நீங்கி மதுரைக்குச் சென்ற புலவர், குளிரில் நடுங்கியபடியே வானிற் பறக்கும் செங்கால் நாரையைக் கண்டு தம் மனைவியிடம் அதைத் தூதாக அனுப்புகிறார். அப்பாடலின் சோகத்தில் தோய்ந்துவிடும் நாம், அதிலுள்ள இரண்டு செய்திகளைக் கவனிக்கத் தவறுகிறோம். முதலாவது, நாரை தெற்கே குமரி வரை சென்று பின்னர் வடதிசைக்கு மீளும் பறவை என்பதைப் புலவர் அறிந்திருந்தார். இன்றைய அறிவியலார் ‘வலசை’ என வழங்கும் உண்மை அது. இரண்டாவது, ஊரிலிருக்கும் அவர் மனைவி, மழையில் நனைந்த வீட்டுச் சுவரில் பல்லி எழுப்பும் குரலுக்காகக் காத்திருக்கிறாள். கணவர் வானத்தை நோக்குகிறார். மனைவி சுவரை நோக்குகிறாள். இருவருக்கும் இடையே செய்தி சுமப்பவை இரண்டும் காட்டுயிர்களே.

சிதம்பரத்தின் பழம்பெயரே இப்பழக்கத்துக்குச் சான்று பகரும். தில்லை என்பது ஒரு மரம். உவர்நீரில் வளரும் அம்மரத்தை இன்று ஊருக்குள் தேடிப் பயனில்லை. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில்தான் காணலாம். தம்மைச் சூழ்ந்திருந்த மரத்தைக் கூர்ந்து பார்த்து, அதன் பெயரையே ஊருக்கு வைத்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். அம்மரம் எந்த ஆண்டில் ஊரை விட்டு அகன்றது என்று எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

முற்றத்துக்கு வருவோர்

புரட்டாசி முடியும் தறுவாயில், கடலூர் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ மொட்டை மாடியில் துணி உலர்த்தச் செல்லும் ஒருவர், வாலை மேலும் கீழும் ஆட்டியவாறு ஓடித் திரியும் சிறு பறவையைக் காணக்கூடும். அதுவே வாலாட்டிக் குருவி. அதன் வரவே நம் குளிர்காலத்தின் முதல் அறிவிப்பு. அடுத்து, மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்து, பிளவுபட்ட வாலோடு பறந்து பறந்து பூச்சி பிடிக்கும் தகைவிலான்கள் வரும். கொல்லைப்புறத்து முருங்கையின் உச்சிக் கிளையிலிருந்து கரகரத்த குரலில் கத்துவது பழுப்புக் கீச்சான். வேலியின் அடர்த்திக்குள் மறைந்தபடி ‘சக், சக்’ என நாவால் சப்புக் கொட்டுவதுபோல் ஒலி எழுப்புவது நாணல் கதிர்க்குருவி. இது ஐரோப்பாவின் கிழக்கிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வருவது. கட்டைவிரலினும் சற்றே பெரிய உடலைக் கொண்டு இத்தனை தொலைவைக் கடக்கும் இப்பறவை நம் செம்பருத்திச் செடியில் ஆறு திங்கள் குடியிருந்தாலும், அதைக் கண்டோர் சிலரே, கேட்டோர் பலர், இன்னதென்று அறிந்தோர் மிகச் சிலர்.

இவற்றுள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் எனவும் இதற்குப் பெயருண்டு. பச்சை, நீலம், கருப்பு, செம்மை எனப் பல வண்ணம் பூண்ட இப்பறவை இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனம் பெருக்கிவிட்டு, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கும். வைகறையிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறு மணியளவில் இருசீர்க் குரல் கொடுப்பதால் ஆறுமணிக் குருவி ஆயிற்று. இரவில் நெடுந்தொலைவு பறந்து வரும் இப்பறவை, களைத்துப்போய் வீட்டுத் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் விழுந்து கிடப்பதுண்டு. அவ்வாறு கண்டவர் அதைக் கூண்டில் அடைக்கவும் வேண்டா. வலிந்து உணவு ஊட்டவும் வேண்டா. காற்றுப் புகும் அட்டைப் பெட்டியில், பூனையும் காகமும் அணுகாத நிழலில், சில நாழிகை ஓய்வு கொள்ள விட்டால் போதும். தெளிந்ததும் தானே தோட்டத்துக்குள் சென்று மறையும். அதன் பெயரில் ஒரு கடிகாரமே இருப்பதைக் காண்க. பெயர் சூட்டியவர் எவரோ, அவர் தம் வீட்டில் இருந்துகொண்டே நாள்தோறும் அதன் குரலைக் கேட்டவராதல் வேண்டும்.

வைகறைத் தொழுகை முடித்து வீடு திரும்பும் பெரியவர்களும், வாசல் தெளித்துக் கோலமிடும் தாய்மார்களும் இவ்விருந்தினரை முதலிற் காண்போர் ஆவர். தொலைநோக்கியோடு ஆண்டுக்கு ஒருமுறை வந்து செல்லும் ஆய்வாளர் காணாததை, ஒரே சன்னலில் ஒவ்வொரு நாளும் நின்று பார்க்கும் இல்லத்தரசி காண்கிறார். அவர் கண்டது ஏட்டில் ஏறுவதில்லை என்பதே குறை.

கணக்கு எழுதிய நாடுகள்

அயல்நாடுகள் சில இக்குறையை முன்னரே உணர்ந்தன. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளன்று கூட்டமாகச் சென்று பறவைகளைச் சுட்டு வீழ்த்துவது ஒரு காலத்தில் வழக்கமாயிருந்தது. 1900ஆம் ஆண்டில் பிராங்க் சாப்மன் என்னும் பறவையியல் அறிஞர், சுடுவதற்கு மாறாக எண்ணுவோம் என்றார். அவ்வாண்டு 27 பேர் எண்ணினர். அக்கணக்கெடுப்பு இன்றும் தொடர்கிறது. இங்கிலாந்தில் 1979ஆம் ஆண்டு சிறுவர்களுக்கென ஓர் ஏற்பாடு தொடங்கிற்று. ஜனவரி மாத இறுதியில், ஒரு மணி நேரம், தம் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பறவைகளை எண்ணி எழுதுவது அவ்வளவே. சிறுவர் விளையாட்டெனத் தொடங்கிய அக்கணக்கு பெருகிப் பெருகி, அந்நாட்டில் சிட்டுக்குருவி எவ்வளவு குறைந்துவிட்டது என்பதை உலகுக்குக் காட்டும் சான்றாயிற்று.

நம் நாட்டிலும் 1987 முதல் ஜனவரி மாதந்தோறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பை நடத்தி வருகின்றனர். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்டதையும் கேட்டதையும் எழுதினால் போதும். அவ்விடம் தம் வீட்டு வாசலாகவும் இருக்கலாம். பிப்ரவரி மாதத்தில் கல்லூரி வளாகங்களுக்கென்றே ஒரு கணக்கெடுப்பு உண்டு. வழி திறந்தே இருக்கிறது, நடப்பவர்தாம் குறைவு.

ஏரியும் கழியும்

முற்றத்துக்கு வருவோர் போக, ஊருக்கு வெளியே தங்குவோரும் உளர். பத்தாம் நூற்றாண்டில் சோழர் கண்ட வீராணம் ஏரி, கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே நீர் பெறுகிறது. 2004 முதல் சென்னை மாநகரின் தாகத்தையும் அது தணித்து வருகிறது. அதன் நெடிய கரையை அடுத்து வாழும் லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் மக்களுக்குக் குளிர்கால விடியலில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் கண்ணுக்கு எட்டும் தொலைவில் மிதப்பது புதிய காட்சியன்று. சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வரும் அவை, பங்குனி முற்றுமுன் மீண்டும் வடக்கே சென்றுவிடும்.

வெள்ளாற்று முகத்துவாரத்திலுள்ள பரங்கிப்பேட்டையிலும், உப்பனாற்றங்கரையிலுள்ள கடலூர் முதுநகரிலும் வீட்டு மாடியேறி நோக்கினால், நீர் வடிந்த சேற்றுத் தரையில் உள்ளான்கள் கூட்டமாக மேய்வதைக் காணலாம். அவற்றுள் கொசு உள்ளான் என்றொரு சிறு பறவை உண்டு. அதன் எடை ஏறத்தாழ 25 கிராம். ஒரு கைப்பிடி அரிசியின் எடைகூட இல்லாத அவ்வுயிர், வடதுருவக் கரையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து நம் உப்பங்கழிக்கு வருகிறது. சேற்றைத் துளாவும் அதன் அலகுக்கு இரை கிடைக்குமாறு கழியை வைத்திருப்பதே நாம் அதற்குச் செய்யத்தக்க விருந்தோம்பல்.

பிச்சாவரம் 2022ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அது நமக்குப் பெருமையே. ஆயினும், அங்கே வாழும் நீர்நாயையும் நரியையும் பற்றி அக்காட்டை ஒட்டிய கிள்ளைப் பகுதி மக்கள் அறிந்த அளவுக்குக் கல்லூரியில் பயிலும் நாம் அறியோம். ‘நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன’ என்னும் பழமொழியை ஒப்பிக்கத் தெரிந்த நமக்கு, நரியின் ஊளை எத்திங்களில் மிகுதி என்பது தெரியாது.

பங்குனி ஆமை

கடலும் இவ்விருந்தில் பங்கு கொள்கிறது. சிற்றாமை எனவும் பங்குனி ஆமை எனவும் மீனவர் வழங்கும் கடலாமை, தை தொடங்கிப் பங்குனி வரை சோழமண்டலக் கரையில் ஏறி முட்டையிடும். கடலூர் மாவட்டக் கரையும் அதற்கு விலக்கன்று. திங்களின் பெயரையே உயிருக்குப் பெயராக வைத்த மீனவரின் அறிவை நாம் போற்ற வேண்டும். இழுவலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர இயலாமல் மாண்ட ஆமைகள் கரையொதுங்குவதும் இதே திங்கள்களில்தான். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையைச் சூழ்ந்த கடற்கரையில் அவ்வாறு நூற்றுக்கணக்கில் ஒதுங்கியதை நாடறியும்.

சென்னையில் 1988ஆம் ஆண்டு மாணவர்களே கூடி ஓர் ஆமைப் பாதுகாப்பு அமைப்பை நிறுவினர். இரவில் கடற்கரையோரம் நடந்து, முட்டைகளைக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடும் பணியை ஆண்டுதோறும் செய்து வருகின்றனர். தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டை வரை கடற்கரை கொண்ட நம் மாவட்டத்து மாணவர்க்கு இது முன்மாதிரியன்றோ?

அஞ்சத்தக்க அண்டை

இதுவரை இனியனவற்றையே கூறினோம். இன்னாதவற்றையும் கூறுவதே நேர்மை. சிதம்பரத்தை அடுத்த பழைய கொள்ளிடக் கரையில், வேளக்குடி, பழையநல்லூர், அகரநல்லூர் முதலிய சிற்றூர்களில் வாழ்வோரிடம் சென்று ‘வீட்டிலிருந்தே காட்டுயிரைக் கண்டு மகிழுங்கள்’ என்று கூறினால் அவர்கள் நம்மை எள்ளி நகையாடுவர். அவர்களுடைய அண்டை வீட்டார் நன்னீர் முதலைகள். கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகும் ஐப்பசி, கார்த்திகையில் அவை வாய்க்காலிலும் குளத்திலும் புகும். சில வேளைகளில் வீட்டுத் தோட்டத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் வந்துவிடும். குளிக்கவும் துணி துவைக்கவும் ஆற்றில் இறங்கியோர் உயிரிழந்ததும் உண்டு. ஆடுமாடுகளை இழந்தோர் பலர்.

முதலை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மிக உயர்ந்த காப்புப் பெற்ற விலங்கு. அழிவின் விளிம்பில் நின்ற அதனைக் காக்க 1975ஆம் ஆண்டில் நாடு தழுவிய திட்டம் தொடங்கிற்று. ஊருக்குள் வரும் முதலைகளை வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுகின்றனர். இப்பணி பாராட்டுக்குரியது, ஆயினும் ஒன்றைப் பிடித்த இடத்துக்கு அடுத்த வெள்ளத்தில் மற்றொன்று வருமாயின், பிடிப்பது மட்டுமே தீர்வாகாது.

இங்கேதான் உற்றுநோக்கலின் பயன் வெளிப்படுகிறது. முதலை தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உயிரன்று. ஆதலின் பனிக்கால முற்பகலில் வெயில் காய நீரை விட்டுக் கரையேறிக் கிடக்கும். எந்தத் துறைக்கு அருகில், எந்த நாளில், எந்நேரத்தில், எத்தனை முதலைகள் கிடந்தன என்பதைக் கரையோர வீட்டார் அறிவர். தை, மாசியில் அவை இணை சேர்வதும், அதன்பின் கரை மணலில் முட்டையிடுவதும், அக்காலத்தில் தாய் முதலை மூர்க்கம் கொள்வதும் அவர்கள் கண்டறிந்தனவே. இவ்வறிவு பேச்சாகவே கரைந்து போகிறது. அது நாளும் இடமும் இட்டு எழுதப்படுமாயின், எந்தப் படித்துறைக்கு முதலில் கம்பித் தடுப்பு அமைக்க வேண்டும், எந்தத் தெருவுக்கு முதலில் குடிநீர்க் குழாய் நீட்டிக்க வேண்டும் என்று அதிகாரிகளிடம் சான்றோடு கேட்கலாம். ‘முதலை இருக்கிறது’ என்னும் முறையீட்டுக்கும், நாற்பது நாள் குறிப்போடு நீட்டப்படும் ஏட்டுக்கும் வேறுபாடு உண்டு. முன்னது அச்சம், பின்னது அறிவு.

பாம்புக்கும் இது பொருந்தும். மழைநீர் வளைகளில் புகுந்ததும் பாம்புகள் மேட்டை நாடி வீட்டுக்கு வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை சாரையும் தண்ணீர்ப் பாம்புமே. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அடையாளம் காணக் கற்றுவிட்டால், வீணே அடிபட்டுச் சாகும் பாம்புகளும் குறையும். தரையில் படுத்துறங்கிக் கட்டுவிரியன் கடிக்கு ஆளாகும் மனிதரும் குறைவர்.

பிணை நிற்றல்

இவ்விடத்தில் நம் இலக்கியச் செல்வம் ஒன்றை நினைவுகூர்வது பொருத்தம். உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ என ஒரு படலம் உண்டு. வேடன் கையில் அகப்பட்ட பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்மானுக்காகத் தாமே பிணை நிற்கிறார்கள். மானும் சொன்ன சொல் தவறாது மீள்கிறது; வேடன் உள்ளம் உருகுகிறான். வள்ளல் சீதக்காதியின் மறைவுக்குப் பின் இக்காப்பியத்துக்குப் புரவலராய் விளங்கியவர் நம் பரங்கிப்பேட்டையின் அபுல் காசிம் மரைக்காயர் என்பதும் நமக்குப் பெருமை தருவது.

பிணை என்னும் சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. வாய் பேசாத உயிரின் பொருட்டு, அதனைப் பிடித்தவன் முன்னிலையில், ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று உரைப்பதே பிணை நிற்றல். அங்கே வேடன் பகைவனாகக் காட்டப்படவில்லை. அவனது பசியும் மறுக்கப்படவில்லை. மானின் துயரும் வேடனின் உரிமையும் ஆகிய இரண்டுக்கும் நடுவே ஒருவர் வந்து நிற்கிறார். கொள்ளிடக் கரையில் மனிதனுக்கும் முதலைக்கும் நடுவே, கடற்கரையில் வலைக்கும் ஆமைக்கும் நடுவே, ஏரிக்கரையில் கண்ணி வைப்பவனுக்கும் வாத்துக்கும் நடுவே இன்று வந்து நிற்க வேண்டியவர் யார்? கண்டவரே நிற்க வேண்டும். காணாதவர் எதற்குப் பிணை நிற்க முடியும்?

ஐயமும் விடையும்

‘புயலும் வெள்ளமும் ஆண்டுதோறும் அலைக்கழிக்கும் மாவட்டத்தில் குருவி பார்ப்பது ஒரு வேலையா?’ என வினவுவோர் உண்டு. அவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் நம் மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மழையால் பெருகிய தென்பெண்ணை வீடுகளுக்குள் புகுந்தது. குளிர்காலம் நமக்குத் துன்பகாலமும் ஆகும். ஆயின், சாய்ந்த மரங்களின் விலைக்குக் கணக்கு எழுதிய நாம், அம்மரங்களில் வாழ்ந்த உயிர்களுக்குக் கணக்கு எழுதவில்லை. ஆதலின் அவற்றுள் மீண்டவை எவை, மீளாதவை எவை என்று நம்மால் சொல்ல இயலாது. கூகை ஒன்று ஓரிரவில் பிடிக்கும் எலிகளின் பயன் சம்பா வயலுக்கு உரியது. அது கூடு கட்டுவது பள்ளிவாசல் மினாராவிலா, கோயில் கோபுரத்திலா என்று அது பேதம் பார்ப்பதில்லை. அதன் வரவும் மறைவும் உழவனின் வரவு செலவில் ஒரு பகுதியே.

எழுதி வைக்காத இழப்பு இழப்பாகவே தோன்றாது. ஜஹாங்கீர் அவையில் விளங்கிய ஓவியர் மன்சூர், சைபீரியக் கொக்கு ஒன்றை வண்ணத்தில் தீட்டி வைத்தார். குளிர்காலம்தோறும் இந்தியாவுக்கு வந்த அக்கொக்கு, பரத்பூரில் 2002ஆம் ஆண்டுக்குப் பின் காணப்படவில்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கண்டதைப் பதிந்து வைத்ததால், நாம் இழந்தது இன்னதென்று அறிகிறோம்.

பறவையியல் மேதை சாலிம் அலி (1896–1987) வேலையின்றி இருந்த காலத்தில், 1930ஆம் ஆண்டு, பம்பாய்க்கு அருகில் கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தங்கியிருந்தார். வீட்டை அடுத்துத் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. நாள்தோறும் அமர்ந்து அவற்றைப் பார்த்து அவர் எழுதிய குறிப்புகள், அக்குருவியின் இல்வாழ்க்கை பற்றி அதுவரை எவரும் அறியாததை உலகுக்கு உணர்த்தின. ஆய்வுக்கூடமில்லை, ஊதியமுமில்லை, ஒரு வீடும், ஒரு மரமும், பொறுமையும் இருந்தன. நம் தமிழகத்து மா. கிருஷ்ணன் (1912–1996) சென்னையிலிருந்தவாறே அரை நூற்றாண்டுக் காலம் காட்டுயிர் பற்றி எழுதிவந்ததும் இத்தகைய பொறுமையின் விளைவே.

செய்யத்தக்கன

நம் தமிழ்த்துறை மாணவர்கள் ஒவ்வொருவரும் ஐப்பசி முதல் பங்குனி வரை ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். நாள், நேரம், இடம், கண்ட உயிர், அது செய்த செயல் ஆகிய ஐந்தும் போதும். பெயர் தெரியாவிடில் உருவத்தை எழுதுக. வீட்டிலுள்ள பாட்டியிடமும், மீன் விற்க வரும் அம்மாவிடமும், வயலில் நிற்கும் பெரியவரிடமும் அதன் பெயரைக் கேட்டு எழுதுக. ஒரே பறவைக்குக் கிள்ளையில் ஒரு பெயரும் குறிஞ்சிப்பாடியில் மற்றொரு பெயரும் இருக்கக்கூடும். அப்பெயர்களைத் தொகுப்பது அறிவியல் துறையின் வேலையன்று; தமிழ்த்துறையின் வேலை. ஒரு பெயர் மறையும்போது, அவ்வுயிரைக் கண்டறிந்த கண்ணும் மறைகிறது.

ஆசிரியப் பெருமக்கள் பிப்ரவரி மாதத்து வளாகக் கணக்கெடுப்பில் கல்லூரியைப் பங்கு பெறச் செய்யலாம். கரையோரச் சிற்றூர் மாணவர்களின் முதலைக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தி வனத்துறைக்கும் மாவட்ட ஆட்சியர்க்கும் அனுப்பலாம். சமுதாயப் பெரியோர்கள், கொக்கும் நாரையும் உள்ளானும் கண்ணியில் பிடித்து விற்கப்படுவதை ஊக்குவிக்காதிருக்குமாறு தம் மக்களுக்கு எடுத்துரைக்கலாம். வாங்குவார் இல்லையேல் விற்பார் இல்லை. கண்ணி வைத்துப் பிழைப்பவருக்கு வேறு பிழைப்புக்கு வழிகாட்டுவதும் அப்பெரியோர் கடனே. வேடன் பசியை மறந்த பிணை முழுமையான பிணையாகாது.

பார்ப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தொடாமல் பார்க்க வேண்டும். உணவிட்டுப் பழக்காமல் பார்க்க வேண்டும். படம் எடுக்கும் ஆசையால் கூட்டை நெருங்காமல் பார்க்க வேண்டும். பாம்போ முதலையோ வந்தால் விலகி நின்று, வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டுச் சன்னல் சிறிதாக இருக்கலாம். அதன் வழியே தெரிவது ஒரு முருங்கைக் கிளையும் ஒரு மின்கம்பியும் மட்டுமாக இருக்கலாம். அக்கிளைக்கு நடு ஆசியா வருகிறது. அக்கம்பியில் இமயம் வந்து அமர்கிறது. வரும் ஐப்பசியில் முதல் வாலாட்டிக் குருவியை உங்களுள் எவர் காண்கிறாரோ, அவர் அந்நாளைக் குறித்து வைப்பாராக. அடுத்த ஆண்டு அதே நாளில் அது வராவிடில், ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்கும் தகுதி அவருக்கு உண்டு. அக்கேள்வியைக் கேட்பவர் ஊருக்கு நூறு பேர் இருப்பாராயின், நம் ஏரியும் கழியும் கடலும் காக்கப்படும். பழைய கொள்ளிடக் கரையில் ஒரு தாய் அச்சமின்றித் தண்ணீர் மொள்ளும் நாளும் வரும்.